ஷோன்பெர்க்கின் ஒன்பது பாரில் கணக்கு எங்கே இருக்கிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இருபதாம் நூற்றாண்டு மேற்கத்திய இசை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதையெல்லாம் தமிழில் எழுத ஆள் கிடைத்ததே பெரிய விஷயம், அதற்கு நன்றி. ஆனால் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பெர்க்கின் ஆறு சிறிய பியானோ உருப்படிகளை, அதாவது அவருடைய படைப்பு வரிசையில் ஓப்பஸ் 19 என்று எண்ணிட்டதை, பன்னிரண்டு சுரக் கணக்கு என்று ஒரே வரியில் தள்ளிவிட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவை 1911-இல் எழுதியவை. பன்னிரண்டு சுரங்களையும் ஒரு வரிசையில் அடுக்கி, அந்த வரிசையை வைத்தே இசையமைக்கிற பன்னிரண்டு சுர முறைக்கு அவர் வந்து சேர்ந்ததே 1920-களில்தான்.

முதல் ஐந்தையும் அவர் பிப்ரவரி 19 அன்று ஒரே நாளில் எழுதி முடித்திருக்கிறார், கட்டம் போட்டுக் கணக்குப் பார்க்கிறவர் செய்கிற வேலையா அது? ஆறாவது வந்தது ஜூன் 17-இல். இடையில் மே 18 அன்று இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் இறந்துபோனார், வியன்னாவில் கிரின்சிங் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள், அந்தக் காட்சியை ஷோன்பெர்க் படமாகவும் வரைந்து வைத்தார். மாலருக்கு இவருடைய இசை முழுசாகப் பிடிபட்டதில்லை. இருந்தும் 1907-இல் வியன்னாவில் இவருடைய குவார்ட்டெட்டை, அதாவது நான்கு தந்தி வாத்தியங்களுக்கான இசையைக், கேட்டுவிட்டுச் சிலர் கலாட்டா செய்தபோது எழுந்து சண்டைக்குப் போனவர் அவர்தான். ஆறாவது உருப்படி அவருடைய நினைவில் எழுந்தது என்பார்கள். தேதியைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

அந்த ஆறாவது உருப்படி மொத்தம் ஒன்பதே பார், அதாவது ஒன்பதே தாளக் கட்டு. வலது கையில் மூன்று சுரங்கள் சேர்ந்து மெல்ல விழும், விரலை எடுக்கக் கூடாது, அவை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இடது கை கீழே வேறு மூன்று சுரங்களை வைக்கும், எங்கோ தூரத்து மணிகள் மாதிரி. இரண்டாவது மணி விழும் நேரத்தில் முதல் மணி பாதி தேய்ந்திருக்கும். கடைசியில் இடது கையில் ஆழத்தில் ஒரு சின்ன அசைவு, அதற்கு மேலே மூச்சுக்காற்றைப் போல என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

வீட்டுக் கீபோர்டில் இதை வாசித்துப் பார்த்தேன். (கைக்குச் சுலபம், நான் ஒன்றும் பெரிய வித்துவான் இல்லை.) பழைய கீபோர்டு, பியானோ ஒலி சரியில்லை என்று ஆர்கன் ஒலிக்கு மாற்றினேன், உருப்படியே காணாமல் போய்விட்டது! ஆர்கனில் சுரம் தேயாது, அழுத்தும் வரை அப்படியே நிற்கும், ஆறு சுரமும் ஒரே கனத்தில் கிடந்து வெறும் இரைச்சலாகக் கேட்டது. சுரம் எது என்பதை விட அது எப்படிச் சாகிறது என்பதை நம்பி எழுதிய இசை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. சுரங்களை எண்ணிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

கட்டுரையாளர் பஸ்ஸில் போகும்போது செல்போன் ஸ்பீக்கரில் கேட்டிருப்பாரோ என்று ஒரு சந்தேகம். அப்படியானால் அவர் மேல் தப்பில்லை, பாதி சுரம் காதுக்கே வந்திருக்காது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டு, ராத்திரியில் இன்னொரு தடவை கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்