கூரை ஒன்று, விளைச்சல் இரண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் பலமாடி கார் நிறுத்துமிடக் கூரைகளில் கீரை வளர்ப்பது வீண், சூரிய மின்தகடு பதித்தால் ஆதாயம் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கூரைப் பண்ணைகள் சில கட்டுப்படியாகாமல் மூடப்பட்டது உண்மைதான். அதற்காகக் கீரையா மின்சாரமா என்று ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? இரண்டையும் ஒரே இடத்தில் எடுக்கலாமே.

தகடுகளை உயர்த்தி நட்டு அடியில் பயிரிடும் யோசனையை 1981லேயே ஜெர்மனியின் ஆய்வாளர்கள் கோட்ஸ்பெர்கர், சாஸ்ட்ரோ இருவரும் எழுதிவிட்டார்கள். ஜப்பான் 2013 முதல் விளைநிலங்களில் இதை அனுமதிக்கிறது. ஆனால் ஒரு கடிவாளத்தோடு: அந்த வட்டார சராசரி விளைச்சலில் 80 விழுக்காடாவது வர வேண்டும் என்று விதித்தது. பெயருக்கு நாலு செடி நட்டுவிட்டு மின்சாரத்தை மட்டும் விற்க நினைப்பவருக்கு அங்கே இடமில்லை.

நம் ஊரில் வேண்டியது கோதுமை அன்று. சாய் சிம், காங்கோங், முளைக்கீரை போன்ற கீரைகள்தான். இலைக்காய்கறிகளுக்கு உச்சிவெயில் முழுவதும் தேவையில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டத்தில் காசு கொடுத்து நிழல்வலை வாங்கிக் கட்டியிருக்கிறோம். அந்த நிழலைத் தகடு தந்தால் மின்சாரமும் கிடைக்கும். சூடு ஒரு டிகிரி ஏறினால் தகட்டின் உற்பத்தி சுமார் 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். செடிகள் விடும் ஈரம் அந்தச் சூட்டைச் சற்றுத் தணிக்கும்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. இப்போது பதிப்பதுபோல் தாழ்வாக, நெருக்கமாகப் பதித்தால் அடியில் எதுவும் முளைக்காது. உயரமும் இடைவெளியும் வேண்டும். வரிசைகள் வடக்கு தெற்காக ஓடினால் நிழல் ஒரே பாத்தியில் தங்காமல் நகரும். கூரை தாங்கும் எடையைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். நம் மழையில் தகட்டின் விளிம்பிலிருந்து கொட்டும் நீர் பாத்தியை அரித்துவிடும். அதை வடிகாலில் பிடித்துத் தொட்டியில் சேர்த்தால் அதுவே பாசனத்துக்கு ஆகும். வெண்டை, பாகற்காய் வளர்ப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். அவற்றுக்கு இந்த நிழல் ஒத்துவராது.

ஒரே இடத்தை இருவகையில் பயன்படுத்துவது நமக்குப் பழக்கமானதுதான். தெங்கே நீர்த்தேக்கத்தில் குடிநீருக்கு மேலேயே 60 மெகாவாட் மின்தகடுகளை 2021 முதல் மிதக்கவிட்டிருக்கிறோம்.

கூரைப் பண்ணைக்கு ஓர் ஏலக்குத்தகை, மின்தகட்டுக்கு வேறோர் ஏலக்குத்தகை என்பதுதான் வழக்கம். சிங்கப்பூர் உணவு அமைப்பும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் (வீவக) சேர்ந்து, ஒரு சில கூரைகளையாவது இரண்டுக்கும் சேர்த்து ஒரே குத்தகையாக விடட்டும். கீரை விலை சரியும் மாதங்களில் மின்சார வருமானம் பண்ணையாளரைத் தாங்கும். ஜப்பானைப் போல் குறைந்தபட்ச விளைச்சலையும் ஒப்பந்தத்தில் எழுதட்டும். நாம் உண்ணும் காய்கறியில் உள்ளூரில் விளைவது சுமார் 3 விழுக்காடுதான். 2035க்குள் காய்கறி, காளான் போன்ற நார்ச்சத்து உணவில் 20 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பது இலக்கு. அதற்குக் கார் நிறுத்துமிடக் கூரைகளையும் விட்டுக்கொடுத்துவிட்டால் வேறு இடம் எங்கே இருக்கிறது என்று அந்த வாசகரே சொல்லட்டும்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்