பரிணாமப் பாடத்தை 'நீங்களே படிச்சுக்கங்க' என்று விட்டுவிடாதீர்கள்

செட்டிநாட்டுப் பக்கம் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2023இல் மத்தியப் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி தன் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தபோது நமக்கெல்லாம் எவ்வளவு கோபம் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? மரபும் பரிணாமமும் சேர்ந்திருந்த பாடம் வெறும் மரபு ஆனது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். நானும் அந்தச் செய்தியை நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு, கீழே காரமாக இரண்டு வரியும் எழுதினேன். அன்று ராத்திரியே என் பழைய மாணவி ஒருத்தி பதில் போட்டாள்: "டீச்சர், நம்ம புக்ல அந்தப் பாடம் இருந்துச்சே, நீங்க நடத்தவே இல்லியே!"

உண்மைதான். நம் மாநிலப் புத்தகத்தில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று ஒரு முழுப் பாடமே இருக்கிறது. அதை யாரும் நீக்கவில்லை, என் வகுப்பில் நீக்கியது நான். புத்தகத்தின் பின்பக்கம் வருகிற பாடம், அதைத் தொடுவதற்குள் அரையாண்டு வந்துவிடும், மழை லீவு வேறு, போர்ஷனை முடித்து ரிவிஷன் ஆரம்பிங்க என்று நெருக்குவார்கள், ஆகவே "இது ஈஸிதான், கதை மாதிரி இருக்கும், நீங்களே படிச்சுக்கங்க, அமைப்பு ஒத்த உறுப்பு, செயல் ஒத்த உறுப்பு வேறுபாடு மட்டும் மனப்பாடம் பண்ணிக்கங்க" என்று சொல்லித் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு வருஷம் இல்லை, பல வருஷம். எல்லோரும் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் விடைத்தாள் திருத்துகிற முகாமில் பக்கத்து மேசைகளில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன், நான் தனி ஆள் இல்லை.

நாம் நடத்தாவிட்டால் பிள்ளைகள் அதைப் படிக்காமல் இருந்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். போனில் படிக்கிறார்கள். நம்மை விட நன்றாகக் குரல் கொடுக்கிற, பின்னணி இசையோடு பேசுகிற யாரோ ஒருவரிடம் படிக்கிறார்கள்.

நடத்துவது என்று முடிவெடுத்த முதல் வருஷம் நான் அடித்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்மார்ட் போர்டில் ஒரு வீடியோவைப் போட்டுவிட்டு, அது பாட்டுக்கு ஓடட்டும் என்று ரிஜிஸ்டர் எழுத உட்கார்ந்தேன். அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓட ஆரம்பித்தது, டார்வின் சொன்னதெல்லாம் பொய் என்கிற மாதிரித் தலைப்பு. நான் தலை நிமிர்வதற்குள் நாலு நிமிஷம் போய்விட்டது, பிள்ளைகள் முதல் வீடியோவை விட இதை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டென்று நிறுத்தினேன். தப்பு அங்கேதான். அந்த ஆள் ஒரு கேள்வி கேட்டிருந்தார், குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்கு இருக்கிறது என்று. நிறுத்தியதால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை, டீச்சர் பயந்துவிட்டார் என்று வகுப்பு முடிவு செய்துவிட்டது.

மறுநாள் அதே வீடியோவை நானே போட்டேன். இந்தத் தடவை நடுநடுவே நிறுத்தி. பதில் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை, நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது மற்ற ஊரை விடச் சுலபம். ஒரே ஐயா கட்டிய வீடு. ஒரு மகன் வழி பர்மா, மலாயா என்று போய் அங்கேயே தங்கிவிட்டது, இன்னொரு வழி இங்கேயே இருக்கிறது. பினாங்கில் இருக்கும் உறவுக்காரர் நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. சிம்பன்சியும் அப்படித்தான், பங்காளி. நாம் அதிலிருந்து வரவில்லை, இரண்டு பேரும் ஒரே முன்னோரிடமிருந்து பிரிந்து வந்தோம். பங்காளி இன்னும் உயிரோடு இருக்கிறாரே, அப்புறம் நீ எப்படி வந்தாய் என்று யாராவது கேட்பார்களா? 'பங்காளி' என்ற சொல் விழுந்ததும் பின் பெஞ்சு வரை சிரிப்பு. எனக்கும் அந்த நிமிஷம்தான் இந்தப் பாடம் பிடித்தது.

அடுத்து வருவது 'எல்லாம் நம்மாட்கள் அப்பவே சொல்லியாச்சு' என்கிற ஃபார்வர்டு. மச்சம், கூர்மம், வராகம் என்று தசாவதாரத்தை வரிசையாகப் போட்டு ஒன்று, "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய்" என்று சிவபுராணத்தைப் போட்டு இன்னொன்று. காலையில் அப்பத்தாவோடு உட்கார்ந்து சிவபுராணம் சொல்லிவிட்டு வருகிற பிள்ளைகளிடம் போய் இதை இளக்காரமாகப் பேசினால் அந்த மணி நேரம் அதோடு முடிந்தது. அவர்களையே முழு வரியையும் சொல்லச் சொன்னேன். ஒரு பையன் பாதியில் நின்று, "டீச்சர், பாம்பாகிக் கல்லாய் மனிதராய்னு வருது, பாம்புக்கும் மனுஷனுக்கும் நடுவுல கல்லு எப்படி வரும்?" என்றான். அங்கிருந்து அவர்களே பிரித்துக்கொண்டார்கள்: அது ஓர் உயிர் பிறவி பிறவியாக எடுத்து இளைத்துப்போவதைப் பற்றிய பாட்டு. டார்வின் பேசுவது ஒரு கூட்டத்தைப் பற்றி, அதில் பிறக்கும்போதே இருக்கிற சின்னச் சின்ன வித்தியாசங்களில் எது தலைமுறை தலைமுறையாகப் பெருகுகிறது என்பதைப் பற்றி. கேள்வியே வேறு வேறு. பாட்டுக்கும் மரியாதை கெடவில்லை, பாடத்துக்கும் கெடவில்லை.

கலாபகோஸ் தீவுக் குருவிகளைப் படத்தில் காட்டுவதை நான் குறைத்துக்கொண்டேன். நமக்கு வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடியே போடாத கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய். ஒரே தண்ணீரில் கரண்டிவாயன் அலகை இப்படியும் அப்படியும் துழாவும், பாம்புத்தாரா ஈட்டி மாதிரி மீனைக் குத்தும், நத்தை குத்தி நாரைக்கு இரண்டு அலகும் நுனியில் சேர்ந்து நடுவில் மட்டும் இடைவெளி விட்டிருக்கும். இதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பெண், போனில் தேடிப் படித்துவிட்டு வந்து கேட்டாள்: "குஞ்சுக்கு அந்த இடைவெளி இல்லையாம் டீச்சர். அப்போ நத்தையைக் கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சுதான் வந்துச்சா? அப்படின்னா லாமார்க் சொன்னதுதானே சரி?"

வாழும்போது உடம்பில் வருகிற மாற்றம் பிள்ளைகளுக்கும் போகும் என்று டார்வினுக்கு முன்னால் சொன்னவர் லாமார்க். அவள் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, லேபில் பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து தேடினோம். தேடினால் பெரிய ஆள் ஒருவர் மாட்டினார். டார்வினுக்காக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லியின் பேரன் ஜூலியன் ஹக்ஸ்லி. அந்த அலகு பாக்குவெட்டி மாதிரி நத்தை ஓட்டை நெரிக்கிறது, விளிம்பு சொரசொரப்பாக இருப்பது தேய்மானத்தால் என்று அவரே கருதியிருக்கிறார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை, வழுக்குகிற ஓட்டை நழுவாமல் பிடிக்கத்தான் அந்தச் சொரசொரப்பு உதவுகிறது என்கின்றன. சரி, தேய்ந்தே இருந்தாலும் தேய்ந்த அலகுக்காரிக்குப் பிறக்கிற குஞ்சு மூடிய அலகோடுதானே பிறக்கிறது என்று ஒருத்தி. "பிறக்கும்போது யாருக்குடா மீசை இருக்கு, அது தேஞ்சா வந்துச்சு?" என்று ஒருவன். வளரும்போது வருகிற ஒன்று பரம்பரையாகவும் வரலாம் என்பதை நான் கரும்பலகையில் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. இணையம் வகுப்பில் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இந்த முக்கால் மணி நேரம்தான்: பெரிய விஞ்ஞானி சொன்னது, அடுத்தவர் சோதித்தது, திருத்தியது, மூன்றையும் பிள்ளைகள் ஒரே உட்காரலில் பார்த்தார்கள்.

தேடும்போது ஒரு சின்ன விஷயம். தமிழில் 'பரிணாமம்' என்று மட்டும் போட்டால் போதாது. 'படிவளர்ச்சி' என்றும் போடச் சொல்லுங்கள், இலங்கைத் தமிழர் பள்ளிப் புத்தகங்களில் இதற்குப் பெயர் 'கூர்ப்பு', அதையும் போடச் சொல்லுங்கள். மூன்று சொல்லுக்கும் வெவ்வேறு பக்கங்கள் வருகின்றன.

இனி ஃபார்வர்டுகளுக்கே வருகிறேன். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக வருஷக்கணக்காகச் சுற்றுகிற பொய் இருக்கிறதே, வீட்டுப் பெரியவர்கள் போனிலிருந்து அதை அப்படியே எழுதி வரச் சொன்னேன். பதினோரு விதமாக வந்தது. ஒன்றில் யுனெஸ்கோ யுனிசெஃப் ஆகியிருந்தது, மூன்றில் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை. அந்த மூன்றும் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்று பிள்ளைகளே சொன்னார்கள், சொல்லிக் கிளை கிளையாக ஒரு மரம் வரைந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்த எங்கள் தமிழய்யா உள்ளே வந்து, "இதைத்தானேம்மா நாங்க பாடபேதம்னு சொல்றோம்" என்று, உ.வே.சா. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்துப் பதிப்பித்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பெல் அடித்தும் யாரும் எழவில்லை. நகலெடுக்கும்போது பிழை, பிழை பரம்பரையாக வருவது, பொதுவான பிழை பொதுவான முன்னோரைக் காட்டுவது, கடைசியில் 'பத்து பேருக்கு அனுப்பவும்' என்றிருக்கும் வகை மட்டும் அதிகமாகப் பெருகுவது, எல்லாம் அதில் இருக்கிறது. ஒரே ஓட்டை, ஃபார்வர்டை மனிதர்கள் வேண்டுமென்றும் மாற்றுவார்கள், மரபணுப் பிழைக்கு அப்படி நோக்கம் கிடையாது. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உயிர்கள் வேண்டுமென்றே மாறுகின்றன என்கிற பழைய குழப்பம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும்.

பெற்றோர் சண்டைக்கு வருவார்களே என்பீர்கள். ஒருவர் வந்தார். "சாமி இல்லைன்னு சொல்லித் தர்றீங்களாமே டீச்சர்?" என்றார். புத்தகத்தைக் கையில் கொடுத்தேன், சாமி உண்டு என்றோ இல்லை என்றோ ஒரு வரி இருந்தால் காட்டுங்கள் என்று. புரட்டினார். சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு மாடு வளர்க்கிறவர். எந்தக் காளைக்குச் சேர்ப்பீர்கள் என்று கேட்டேன். திமில், பாய்ச்சல், தாய் மாட்டின் குணம் என்று கால் மணி நேரம் பேசினார். டார்வினும் 1859இல் வந்த தன் நூலின் முதல் அத்தியாயத்தில் வீட்டு விலங்குகளைத்தான் பேசுகிறார், அதிலும் புறா வளர்ப்பவர்கள் பொறுக்கி இனம் சேர்ப்பதை நீளமாக எழுதியிருக்கிறார், அவரே புறா வளர்த்தவர் என்று சொன்னேன். "அட, அவரும் நம்மாளுதானா" என்று கிளம்பிப் போனார்.

வசதி இல்லை என்பது பாதி உண்மை. லேபில் நெட் வந்தால் கரண்ட் இருக்காது, இரண்டும் இருந்தால் சாவி வைத்திருப்பவர் லீவில் இருப்பார். அதனால் வீட்டிலேயே இறக்கி பென் டிரைவில் கொண்டுபோய்விடுகிறேன். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் இயற்கைத் தேர்வுக்கென்று, அதாவது சூழலுக்குப் பொருந்துகிற வகை தலைமுறை தலைமுறையாகப் பெருகுவதைக் காட்ட, ஒரு முயல் விளையாட்டு இருக்கிறது, இலவசம், இறக்கிக்கொண்டால் நெட் வேண்டாம். பனியில் பழுப்பு முயலை விட்டு ஓநாயை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகிறது என்று பிள்ளைகளை முதலில் யூகிக்கவிட்டு, அப்புறம் ஓட்டுங்கள். வீடியோ போடுவதாக இருந்தால் தானாக அடுத்ததுக்குப் போகிற பொத்தானை முதலில் அணையுங்கள், பட்டவள் சொல்கிறேன்.

பாடம் வருகிற நேரமும் கண்மாய்க்குப் பறவை வருகிற நேரமும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை என் வகுப்பை வேட்டங்குடிக்குக் கூட்டிப் போகிறேன். வேனில் பன்னிரண்டு இடம் மிச்சம் இருக்கிறது. வருகிற பள்ளிக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பைனாகுலர் எங்களிடம் இரண்டுதான், உங்கள் பள்ளியில் இருந்தால் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
காரைக்குடிப் பக்கத்து அறிவியல் டீச்சர் ஒருத்தி