கையைக் கடிக்காத பாட்டில்கள்

அன்புள்ள கண்ணு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. மூன்று முறை படித்துவிட்டேன். கிளாஸைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனதும் மிளகு வாசம் வந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த வரியில்தான் ரொம்ப நேரம் நின்றேன். அது உன் கற்பனை இல்லையம்மா. நீ குடித்தது சீரா திராட்சையில் செய்த ஒயின். மிளகுக்கு அதன் வாசத்தைக் கொடுக்கும் ரொட்டுண்டோன் என்ற பொருள் அந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. யாரும் சொல்லித்தராமல் நீயே அதைப் பிடித்திருக்கிறாய். எனக்கு அதற்குப் பல வருடம் ஆயிற்று.

அந்தச் சந்தோஷத்தில் அதே ஒயினைத் தள்ளுபடியில் பன்னிரண்டு பாட்டில் வாங்கிவிட்டதாகவும், அடுத்து என்ன விலையில் எதை வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறாய். வாங்கியது இருக்கட்டும், வீணாகாது. ஆனால் இன்னும் ஒரு வருடத்துக்கு எந்த ஒயினிலும் இரண்டாவது பாட்டில் வாங்காதே. அகலக்கால் வைக்காதே என்று நான் சொல்வது பணத்தை நினைத்து மட்டும் அல்ல. ஆரம்பத்தில் நாக்கு வேகமாக மாறும். இன்று பிடித்த இனிப்பு ஆறு மாதத்தில் திகட்டும். இன்று முகம் சுளிக்க வைக்கும் துவர்ப்பு, பிறகு அது இல்லாவிட்டால் ஏதோ குறைகிறதே என்று தேட வைக்கும். அந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரே ஒயினைப் பெட்டி பெட்டியாக அடுக்கினால், பழைய ருசிக்கு நீயே பூட்டுப் போட்டுக்கொள்கிறாய்.

அதற்குப் பதிலாக நான் செய்ததைச் சொல்கிறேன். எப்போதும் இரண்டு பாட்டிலாக வாங்கு. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்க வேண்டும். ஒரே திராட்சை, ஊர் வேறு. அல்லது ஒரே ஊர், விலை வேறு. உதாரணத்துக்கு மால்பெக் என்ற சிவப்பு ஒயின் திராட்சை. அதன் பழைய ஊர் பிரான்சின் தென்மேற்கில் உள்ள கஹோர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அர்ஜென்டினாவுக்குப் போய், ஆண்டிஸ் மலையடியில் மெண்டோசாவில் நிலைத்துவிட்டது. கஹோரிலிருந்து ஒன்று, மெண்டோசாவிலிருந்து ஒன்று. இரண்டையும் ஒரே மாலையில் திறந்து, மாற்றி மாற்றி ஒரு வாய் குடித்துப் பார். கஹோர் கொஞ்சம் இறுக்கமாக, துவர்ப்பாக நிற்கும். மெண்டோசா பழுத்து, மெத்தென்று இறங்கும். ஒரே திராட்சையை மண்ணும் வெயிலும் என்ன செய்கின்றன என்பது அந்த ஒரு மாலையில் உனக்குப் புரிந்துவிடும். தனித்தனியாகக் குடித்தால் இரண்டுமே 'நன்றாக இருந்தது' என்பதோடு போய்விடும்.

அப்புறம் ஒரு வேலை செய். பாட்டில்களைத் தாளால் சுற்றி, எது எது என்று தெரியாமல் ஊற்றச் சொல். இது விளையாட்டுக்காகச் சொல்வதில்லை. 2001-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வாசங்களைத்தான் அவர்கள் எழுதினார்கள். அதையே தொழிலாகப் படிப்பவர்களின் மூக்கையே கண் இழுத்துக்கொண்டு போனது என்றால், லேபிளும் விலைச்சீட்டும் நம்மை என்ன செய்யும், யோசித்துப் பார். 1976-ல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி நடத்திய போட்டியிலும் இதுதான் நடந்தது. நடுவர்களாக இருந்த பிரெஞ்சுக்காரர்கள் பெயர் தெரியாமல் சுவைத்து, சிவப்பு, வெள்ளை இரண்டிலும் கலிபோர்னியா ஒயினுக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் யாரும் எதிர்பார்க்காத முடிவு அது.

சரி, விலைக்கு வருகிறேன். நீ கேட்டதே அதைத்தானே.

ரொம்ப மலிவான பாட்டிலில் நீ கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி கண்ணாடிக்கும் மூடிக்கும் லேபிளுக்கும் வண்டி வாடகைக்கும் வரிக்கும் போய்விடுகிறது. உள்ளே இருக்கும் ஒயினுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தச் செலவுகள் ஓரளவு எல்லா பாட்டிலுக்கும் ஒன்றுதான் என்பதால், அதற்கு ஒரு படி மேலே போனால் கூடுதலாகக் கொடுப்பதில் பெரும்பங்கு திராட்சைக்குப் போகிறது. ஆகவே அடிமட்டத்திலிருந்து ஒரு படி ஏறும்போதுதான் தரம் சட்டென்று உயர்வது தெரியும். இன்னும் மேலே போனால் கொஞ்சம் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஒரு புது ஓக் மரப் பீப்பாயில் 225 லிட்டர், அதாவது 300 பாட்டில் ஒயின்தான் பிடிக்கும், பீப்பாயின் விலையோ அதிகம். அதற்கும் மேலே போனால் நீ கொடுப்பது பெயருக்கு. பிரான்சின் பர்கண்டியில் ரொமானே-கோன்தி என்ற தோட்டம் இரண்டு ஹெக்டேர்கூட இல்லை. உலகமே கேட்டால் விலை எங்கே போய் நிற்கும்? போர்தோ ஒயின்களுக்கு 1855-ல் போட்ட தரவரிசை இன்றும் லேபிளில் வருகிறது. அன்று எந்த ஒயின் என்ன விலைக்குப் போனது என்பதைப் பார்த்துத்தான் அந்த வரிசையைப் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு தோட்டம் மேல் படிக்கு ஏறியது என்றால் அது 1973-ல், மூத்தோன் ரோத்ஷில்ட் மட்டும்தான். அந்த ஒயின்கள் நல்லவை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கற்றுக்கொள்கிற காலத்தில் அவை உனக்குத் தேவையில்லை.

பெரிய பெயர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்து வீட்டைத் தட்டு. என் அனுபவம் முழுவதையும் ஒரு வரியில் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நுரைக்கும் ஒயின் வேண்டுமா? ஷாம்பெயினில் நுரை பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிப்பதால் வருகிறது. ஸ்பெயினின் காவாவும் அதே முறையில்தான் உருவாகிறது, குறைந்தது 9 மாதம் பாட்டிலில் ஈஸ்ட் வண்டலோடு கிடக்க வேண்டும் என்பது விதி. பிரான்சிலேயே லுவார், அல்சாஸ், லிமூ பகுதிகளில் க்ரெமான் என்று வருவதும் அப்படித்தான். ஷாம்பெயினை விட விலை வெகுவாகக் குறைவு. பர்கண்டியின் சிவப்பு ஒயினுக்கு ஆசையா? அதற்குத் தெற்கே ஒட்டியிருக்கும் போஜோலேக்குப் போ. கமே என்ற திராட்சை. 1395-ல் பர்கண்டி பிரபு பிலிப் அதை 'நம்பத்தகாத செடி' என்று திட்டிப் பிடுங்கி எறியச் சொன்னார். அங்கே பிடுங்கப்பட்டது போஜோலேயின் கருங்கல் மண்ணில் என்ன அழகாக வருகிறது தெரியுமா! அதில் பத்து கிராமப் பகுதிகள் தனிப் பெயரோடு வருகின்றன. மோர்கோன், ஃப்ளூரி, முலான்-ஆ-வான் என்று லேபிளில் அந்தப் பெயர்தான் பெரிதாக இருக்கும், போஜோலே என்ற சொல்லே சில சமயம் கண்ணில் படாது. அதனால்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு மோர்கோன்தான் உயிர்.

ஷெனான் பிளாங்கைப் பற்றியும் எழுதியாக வேண்டும். லுவார் நதிக்கரையின் வெள்ளைத் திராட்சை அது. உலகிலேயே அதிகமாகப் பயிராவது தென்னாப்பிரிக்காவில், அங்கே அதை ஸ்டீன் என்றும் சொல்வார்கள். பழைய கொடிகளிலிருந்து வரும் ஒயினைத் தேடு. காய்ப்பு குறைவு, ஆனால் சுவை செறிந்திருக்கும். அந்தத் தரத்துக்கு அது கேட்கும் விலை மிகக் குறைவு. சிலியின் கார்மெனேர் என்ற சிவப்புத் திராட்சையும் அப்படித்தான். 1994 வரை அதை மெர்லோ என்ற வேறொரு திராட்சை என்றே நினைத்துப் பயிரிட்டு, பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். ழான்-மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சுத் திராட்சைக்கொடி நிபுணர்தான் தோட்டத்தில் நின்று, இது மெர்லோ இல்லை என்று கண்டுபிடித்தார். போர்தோவில் கிட்டத்தட்ட மறைந்துபோன ஒரு திராட்சை, வேறு பெயரில் இன்னொரு கண்டத்தில் பிழைத்துக் கிடந்திருக்கிறது. இந்த மாதிரிக் கதை தெரிந்து குடிக்கும்போது ருசியே வேறு, கண்ணு. போர்ச்சுகலின் தாவோ, தோரோ பகுதிகளின் சிவப்பும் மறக்காதே. திராட்சைப் பெயர்கள் வாயில் நுழையாததால் பலர் தொடுவதில்லை, அது நமக்கு லாபம்.

லேபிளில் எதை நம்பலாம் என்று கேட்டிருந்தாய். 'ரிசர்வ்' என்ற சொல்லைக் கண்டு மயங்காதே, பல நாடுகளில் அதற்குச் சட்டப்படி எந்த அர்த்தமும் இல்லை. ஸ்பெயின் அப்படி இல்லை. அங்கே ரியோஹா பகுதியின் சிவப்பு ஒயினில் கிரியான்சா என்றால் மொத்தம் இரண்டு வருடம், அதில் ஒரு வருடமாவது ஓக் பீப்பாயில். ரிசர்வா என்றால் மூன்று வருடம், அதிலும் ஒரு வருடமாவது பீப்பாய். கிரான் ரிசர்வா என்றால் ஐந்து வருடம், அதில் இரண்டு பீப்பாயில். உனக்காக வேறொருவர் அத்தனை வருடம் ஒயினைப் பாதுகாத்து, குடிக்கத் தயாரான பிறகு விற்கிறார். கையைக் கடிக்காத விலையில் முதிர்ந்த ஒயின் என்றால் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. கனமான பாட்டிலும் அடியில் ஆழமான குழியும் எதற்கும் அத்தாட்சி அல்ல.

இன்னொரு எண்ணைப் பார், பலர் பார்க்காமல் விடுவது. ஆல்கஹால் சதவீதம். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்த ஜெர்மன் ஒயினில் 8, 9 என்று இருந்தால் திராட்சையின் சர்க்கரையில் ஒரு பகுதி நொதிக்காமல் மிச்சமிருக்கிறது, இனிக்கும் என்று அர்த்தம். 12-ஐத் தொட்டு, 'ட்ரொக்கன்' (ஜெர்மனில் இனிப்பில்லாதது) என்றும் போட்டிருந்தால் இனிப்பு இருக்காது. போன மாதம் இனிக்காது என்று வாங்கி நீ ஏமாந்தது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

திருகு மூடி பற்றிய பயத்தை விட்டுவிடு. ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் 2000-ல் நல்ல நல்ல தயாரிப்பாளர்கள் சேர்ந்து தங்கள் ரீஸ்லிங்குக்குக் கார்க்கை விட்டுவிட்டு அதற்கு மாறினார்கள். கார்க் சில சமயம் ஒயினைக் கெடுத்துவிடும். நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு நாற்றம் வரும், பழ வாசம் செத்துப்போயிருக்கும். அப்படி வந்தால் உன் நாக்கில்தான் கோளாறு என்று நினைத்துக் குடித்து முடிக்காதே, மூடி வைத்து வாங்கிய இடத்தில் மாற்றிக் கேள்.

பாதுகாப்பது பற்றி என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ பிறந்த வருடத்து அறுவடை என்று ஒரு பாட்டில் வாங்கி, உன் பட்டமளிப்பு நாளுக்கு என்று அலமாரியின் மேல்தட்டில் நிறுத்தி வைத்திருந்தேன். மேலே சூடு, ஜன்னல் வெளிச்சம் வேறு. திறந்தபோது செங்கல் நிறத்தில், உயிரில்லாத ஒரு திரவம்தான் இருந்தது. அன்று உன்னிடம் சொல்லாமல் வேறு பாட்டிலைத் திறந்தேன். அதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. விற்பனைக்கு வரும் ஒயினில் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்பட்டது. நாள் பார்த்துக் காத்திருக்காதே. அந்தப் பன்னிரண்டையும் இருட்டான, சூடு ஏறாத இடத்தில் படுக்க வை. 12, 13 டிகிரி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் வெப்பம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்.

அளவு பற்றி அப்பா ஒரு முறைதான் சொல்வேன். ஒரு பாட்டில் 750 மில்லி, ஆறு சின்ன கிளாஸ். இரண்டு பாட்டில் திற என்று சொன்னது இரண்டையும் முடிப்பதற்கு இல்லை. மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும், அடுத்த நாள் எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்பதும் ஒரு பாடம்தான். வாரத்தில் பல நாள் கிளாஸே எடுக்காமல் இரு.

இனி ஒரு ஏற்பாடு. லுவார் பகுதியின் வூவ்ரே என்ற ஊரின் ஷெனான் ஒன்று, தென்னாப்பிரிக்க ஷெனான் ஒன்று, இரண்டும் இனிப்பில்லாததாக, விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதாகப் பார்த்து வாங்கி வை. நானும் இங்கே அதையே வாங்குகிறேன். அடுத்த ஞாயிறு மாலை நீ அங்கே, நான் இங்கே, இரண்டு பேரும் தாளைச் சுற்றித் திறப்போம். போன் பண்ணுவதற்கு முன்னால் உனக்குத் தோன்றியதை எழுதி வைத்துவிடு, நானும் எழுதி வைக்கிறேன். என் கருத்தைக் கேட்டபிறகு உன்னுடையதை மாற்றக் கூடாது, அது மட்டும்தான் நிபந்தனை. முதலில் நீதான் படிக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா