என் இதயத்தைத் தேற்றிய எல்லோருக்கும்

உசிலம்பட்டிப் பக்கத்து எங்கள் ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

மாரடைப்பு வந்து, மதுரையில் ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாயை அடைக்காமல் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்துக்கொண்டு திரும்பிய நான் இப்போது பழையபடி தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர்களுக்கு நேரிலேயே நன்றி சொல்லியாயிற்று. வீட்டுக்கு வந்த பிறகு என்னைத் தேற்றியவர்கள் நீங்கள். அதை ஊரறியச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா. ஈசிஜி எடுத்த கையோடு, 108 வண்டி வருவதற்குள் ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என்று எண்ணி விழுங்க வைத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை இதயத்தைக் காக்கத்தான் அந்த 14 மாத்திரையும்; முதல் இரண்டு வகையும் ரத்தக்கட்டி பெருகாமல் தடுக்க, மூன்றாவது கொழுப்பைக் கட்டுப்படுத்த. 2023-இல் வந்த தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தால் எங்கள் ஊர் வரைக்கும் அவை வந்திருக்கின்றன. அம்மா, உங்கள் கைக்குக் கும்பிடு.

அடுத்தது என் வீடு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, 5 கிராம், அதைத் தாண்டக் கூடாது என்றார்கள். என் மனைவி எனக்கென்று தனியாக உலை வைக்கவில்லை. மொத்த வீட்டுச் சமையலையும் மாற்றிவிட்டாள். ஊறுகாய் ஜாடி தெருவுக்கே பங்கு போட்டுப் போனது. அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எதுவும் உள்ளே வரவில்லை. குழம்பில் உப்பு குறைந்த இடத்தை மிளகும் சீரகமும் எலுமிச்சையும் பிடித்துக்கொண்டன. கருவாட்டுக் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத என் அம்மா, "அவன் திங்காதது எனக்கெதுக்கு" என்று ஒரே சொல்லில் விட்டுவிட்டார். இந்த வயதில் அவர் விட்டுக்கொடுத்ததை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. நோயாளிக்கு மட்டும் பத்தியம் போடும் வீட்டில் அந்தப் பத்தியம் நிலைப்பது கஷ்டம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டீக்கடை அண்ணனுக்கும் அங்கே கூடும் மச்சான்மாருக்கும் நன்றி. நான் பெஞ்சில் உட்கார்ந்தால் பீடி பற்ற வைத்தவர்கள் எழுந்து ரோட்டோரம் போய்விடுவார்கள். அடுத்தவர் விடும் புகையும் இதயத்துக்குக் கேடுதான். நான் புகையை விட்டு நிற்பதில் பாதி உங்கள் புண்ணியம். அதில் இரண்டு பேர் அவர்களும் விட்டுவிட்டார்கள் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

பல் டாக்டரையும் சொல்ல வேண்டும். கடைவாய்ப்பல் பிடுங்கப் போனபோது, "ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையை நீங்களாக நிறுத்திராதீங்க" என்று சொல்லி, இதய டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார். ஸ்டென்ட் வைத்தவர் அந்த மாத்திரையைத் திடீரென விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம். இது நம்மில் பலருக்குத் தெரியாது.

வெளியே தெரியாத கஷ்டம் ஒன்று இருந்தது. ராத்திரி லேசாக ஏப்பம் வந்தாலும் மறுபடி அட்டாக்கோ என்று வேர்க்கும். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. பிசியோதெரபி தம்பிதான் அதைக் கண்டுபிடித்து, மாரடைப்புக்குப் பிறகு நிறையப் பேருக்கு இப்படி மனம் சோர்ந்து போகும், மருந்து மாதிரியே இதற்கும் கவனிப்பு வேண்டும் என்று சொல்லி மனநல டாக்டரிடம் அனுப்பினார். நடைக்கும் அவரே அளவு சொன்னார்: பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பேச்சு திணறினால் வேகத்தைக் குறை. காலையில் என்னோடு வரும் வாத்தியார் ஐயாவும் பலசரக்குக்கடை மாமாவும் அதற்காகவே வழி நெடுகப் பேச்சுக் கொடுப்பார்கள். பயம் போனது அந்தப் பேச்சில்தான்.

கீழத்தெருவில் அண்ணன் ஒருவர் பைபாஸ் முடிந்து வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். டாக்டர் நடக்கச் சொன்னதும் தகவல் சொல்லுங்கள் அண்ணே. விடிந்ததும் உங்கள் வீட்டு வாசலுக்கு நாங்கள் மூவரும் வருகிறோம்.

நன்றியுடன்,
பஸ் ஸ்டாப் டெய்லர்