தூக்கம் ஏன் கெட்டது என்றும் கேளுங்கள்

மறுவாழ்வு மருத்துவப் பிரிவுகளின் தலைவர்களுக்கு,

வணக்கம். மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்டு மதிப்பெண் போடும் பி.எச்.க்யூ-9 படிவம் உங்களுக்குப் புதிதல்ல. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. கூட்டுத்தொகை 10-ஐத் தொட்டால் மனச்சோர்வு இருக்கிறதா என்று மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். அந்த விசாரணைதான் நடப்பதில்லை. 10 வந்ததும் கேஸ் ஷீட்டில் 'டிப்ரஷன்' ஏறிவிடுகிறது.

தண்டுவடம் அடிபட்டவரை எடுத்துக்கொள்ளுங்கள். படுக்கைப் புண் வராமலிருக்க இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னது நீங்கள். சிறுநீரை வெளியேற்ற நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கத்தீட்டர் குழாய் போடச் சொன்னதும் நீங்கள். பிறகு 'தூக்கம் கெடுகிறதா?' என்று கேட்கிறீர்கள். தினமும் கெடுகிறது: 3. அதனால் பகலெல்லாம் அசதி: 3. மலம் இறுகிப் பசி மந்தம்: 2. அசைவு மெதுவாகிவிட்டதா என்று கால் அசையாதவரிடமே கேட்டால் என்ன சொல்வார்? அதற்கும் ஒரு 3. ஆக 11. மனதைப் பற்றி ஒரு வார்த்தை வருவதற்குள் மனச்சோர்வு நோயாளி ஆகிவிட்டார்.

அந்தக் கேள்விகளை எடுத்துவிடச் சொல்லவில்லை. மனச்சோர்வு இவர்களுக்கு நிஜமாகவே வரும், தவறவிட்டால் ஆபத்து. ஆர்வமின்மை, மனத்தளர்ச்சி பற்றிய முதல் இரண்டையும், தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவதையும் தனியே பாருங்கள். மற்றவற்றுக்கு 'ஏன்?' என்று கேட்டு, பதிலை எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். தசை இறுக்கத்தைத் தணித்தால் வந்துவிடும் தூக்கத்துக்கு மனச்சோர்வு மாத்திரை எதற்கு?

உளவியலாளர் பியாட்ரிஸ் ரைட் நான்கு கட்டங்களை நிரப்பச் சொன்னார்: ஆளின் குறை, ஆளின் பலம், சூழலின் குறை, சூழலின் பலம். உங்கள் படிவம் முதல் கட்டத்தோடு நின்றுவிடுகிறது. பலம் என்றால் 'தைரியசாலி' என்று எழுதுவதல்ல. 'உதவி கேட்கக் கூச்சப்படுவதில்லை', 'கத்தீட்டர் நேரத்தைத் தானே கணக்கு வைக்கிறார்' என்று எழுதினால்தான் அடுத்த வாரப் பயிற்சியை அதன்மேல் கட்டலாம்.

ஆனால் மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 வந்தால் மட்டும் பலம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடும். சாய்தளம் இல்லாத மேடையில் அவரை நாலு பேர் சக்கர நாற்காலியோடு தூக்கி ஏற்றி, 'தன்னம்பிக்கையின் சின்னம்' என்று கைதட்டுவார்கள். மூன்றாவது கட்டத்தில் எழுத வேண்டியது அந்த மேடையைத்தான்.

எங்கள் கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். படிவம் அடுத்த முறை அச்சுக்குப் போகும்போது வலது ஓரத்தில் 'காரணம்' என்று ஒரு பத்தியும், பின்பக்கத்தில் அந்த நான்கு கட்டங்களும் சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, எண்ணைக் கூட்டுமுன் காரணத்தையாவது கேளுங்கள்.

இப்படிக்கு,
மறுவாழ்வுப் பணியில் இருக்கும் சிலர்