புலியும் பாசுமதியும்

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மண்டியை மகனிடம் ஒப்படைத்துவிட்டாய் என்று படித்ததும் எனக்கே என்னவோ போல் இருந்தது. உள்ளங்கையில் அரிசியை வைத்து ஊதி, முகர்ந்து பார்த்தே எது பழசு, எதில் கலப்பு என்று சொன்ன மூக்கு உன்னுடையது. அதற்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

என் பக்கத்துச் செய்தி: புலி என் மேல் ஒன்றுக்கு அடித்துவிட்டது. சிரிக்காதே. விடுமுறைக்கு வந்த பேத்தியை மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப் போயிருந்தேன். கம்பி வலையை ஒட்டி நடை போட்டுக்கொண்டிருந்த ஆண் புலி சட்டென்று திரும்பி வாலை நட்டமாகத் தூக்கியது. "மூஞ்சியக் காட்ட மாட்டேங்குதே தாத்தா" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் என் சட்டையில் இடது தோள் வரைக்கும் ஒரே ஈரம். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அது சும்மா மூத்திரம் இல்லை. சும்மா என்றால் புலி கீழ்நோக்கி விடும். எல்லை குறிக்க வேண்டுமானால் நின்றபடி பின்பக்கமாக மேலே பீய்ச்சும். காட்டில் இதற்குச் சாய்ந்த மரமாகப் பார்த்து எடுக்கும். அடிப்பக்கம் மழை படாது அல்லவா. அதில் கொஞ்சம் கொழுப்பும் கலந்திருக்கும். மணக்கிற பொருட்கள் உடனே பறந்துவிடாமல் அந்தக் கொழுப்பு பிடித்துவைத்து மெதுவாக விடுகிறது. சந்தன எண்ணெயில் பூவாசத்தை இறக்கி வைக்கிறார்களே அத்தர்க்காரர்கள், அதே வேலைதான்.

உன் தங்கச்சி சட்டையை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. கொல்லைக் கொடியில் கிடந்தது. மறுநாள் காலையில் எடுக்கப் போனால், நெடிக்கு அடியில் பாசுமதி வடித்த வாசம்!

நான் வேதியியல் வாத்தியாராக இருந்தபோது படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒடிசாவில் சிமிலிபால் புலிகள் காப்பகத்தின் முதல் இயக்குநர் சரோஜ் ராஜ் சௌத்ரி. 1974ல் ஒரு பெண் புலிக்குட்டி அவரிடம் வந்தது. அங்கே ஓடும் ஆற்றின் பேரையே, கைரி என்று, அதற்கு வைத்து வீட்டோடு வளர்த்தார். அது பீய்ச்சுவது பாசுமதி போல மணக்கிறது என்று முதலில் கவனித்தவர் அவர்தான், வெறும் மூக்கால். கல்கத்தாவில் ரதன்லால் பிரம்மச்சாரி அதைப் பிடித்துக்கொண்டார். சத்யேந்திரநாத் போஸிடம் இயற்பியல் படித்துவிட்டு உயிரியலுக்கு வந்தவர். அரிசி வாசத்துக்குக் காரணம் 2-அசிட்டைல்-1-பைரோலின் என்று 1982ல் அமெரிக்காவில் கண்டுபிடித்திருந்தார்கள். அதுவே புலியிடமும் இருக்கிறது என்று இவரும் சகாக்களும் 1990ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். வடக்கே மஹுவா என்கிறார்களே, நம் இலுப்பையின் சொந்தக்காரி, அதன் பூவிலும் இருப்பதாகப் பிறகு சொன்னார். சர்க்கரைக்குப் பதில் இலுப்பைப் பூ என்பார்கள்; பாசுமதிக்குப் பதிலும் அதுதான் போல!

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. தென்னாப்பிரிக்காவில் பர்கர் என்பவரின் குழு 2008ல் ஆண் வங்கப் புலி எல்லை குறிக்கப் பீய்ச்சும் திரவத்தில் 98 ஆவியாகும் பொருட்களை அடையாளம் கண்டது. கீட்டோன், கொழுப்பு அமிலம், தேங்காய்க்கு மணம் தருகிற லாக்டோன் வகைகூட இருந்தது. அரிசி வாசம் மட்டும் அகப்படவில்லை.

இப்போது யாரை நம்புவது? அந்த மூலக்கூறு சீக்கிரம் சிதைந்துவிடும். தண்ணீரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மனித மூக்குக்குத் தெரியும். அதனால் கருவிக்குத் தப்பியது மூக்குக்குத் தப்பாமல் போயிருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் என் மூக்கை நானே நம்பவில்லை. பாசுமதி என்று முன்னாலேயே படித்தவனுக்குப் பாசுமதிதானே மணக்கும்?

உன்னைக் கூப்பிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இதையெல்லாம் சொல்லி உன் மூக்கையும் கெடுத்துவிட்டேன். சரி, தோள் துணியில் ஒரு துண்டு வெட்டி மூடிபோட்ட பாட்டிலில் வைத்திருக்கிறேன். மூட்டுவலி குறைந்ததும் வா. வரும்போது உன் மகனையும் அழைத்து வா. அவனிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடாதே.

அன்புடன்,
ராமு