இருவர் அல்ல, ஒருவரே

ஆசிரியருக்கு,

உங்கள் இதழில் ‘ஜிர்’, ‘மோபியஸ்’ இருவரையும் தனித்தனி ஓவியர்களாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். இரண்டுமே பிரெஞ்சு காமிக்ஸ் ஓவியர் ழான் ஜிரோ (1938–2012) போட்ட கையொப்பங்கள். தமிழில் கேப்டன் டைகராக வந்த ‘புளூபெரி’ கௌபாய் காமிக்ஸ் தொடர், 1963இல் ‘பிலோட்’ என்ற பிரெஞ்சு இதழில் தொடங்கியது. கதை ஷார்லியே, படம் ஜிரோ. அதில் அவர் பெரிதும் நம்பியது தூரிகையை: தடித்த நிழல், புழுதி, குதிரை வியர்வை. மோபியஸாக மாறினால் பேனா. 1975இல் ‘மெத்தால் உர்லான்’ என்ற பிரெஞ்சு இதழில் வந்த ‘அர்ஸாக்’ காமிக்ஸில் வசனமே கிடையாது, தலைப்பின் எழுத்துக்கூட்டல்கூட அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும். அச்சுப்பிழை அல்ல, குறும்பு!

இன்னொன்று. அவருடைய நுண்கோடுகளைச் சிறிய அளவில் மட்டமான தாளில் அச்சிட்டால், இடைவெளிகளில் மை பரவி எல்லாம் கறுப்புத் திட்டாகிவிடும். நீங்கள் வெளியிட்ட படத்துக்கு நேர்ந்ததும் அதுதான். அடுத்த முறை ஒரே ஒரு கட்டத்தையாவது அரைப்பக்க அளவில் போடுங்கள்.

– காமிக்ஸ் வாசகர்